நிதிச் சுழற்சியை எப்படி அளக்கிறார்கள், அளந்து வங்கிகளிடம் என்ன சொல்கிறார்கள்?

வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுக்கும் வருடங்கள் உண்டு, நல்ல ஆளையும் பத்து தடவை அலைய விடும் வருடங்களும் உண்டு. அதே காலங்களில் நிலத்தின் விலையும் ஏறுகிறது, நிற்கிறது, சில சமயம் இறங்குகிறது. கடனும் சொத்து விலையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மேலே போய், அப்புறம் சேர்ந்தே கீழே வருவதைத்தான் நிதிச் சுழற்சி என்கிறார்கள். ஒரு நாடு இதில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, அடுத்த சில வருடங்களில் எங்கே போகும், அது தெரிந்தால் வங்கிகளிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. வட்டி, அடமானம், சதவீதம் தெரிந்தால் போதும்.

கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வழிநெடுக மனைப்பிரிவுகள். இந்தப் பக்கம் சென்ட் கணக்கு, எல்லை தாண்டினால் குழிக் கணக்கு. அங்கே ஒரு மனை 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், அதன் பேரில் வங்கி 6 லட்சம் தருகிறது. பக்கத்து மனை 15 லட்சத்துக்குக் கைமாறியது என்றவுடன் அதே மனைக்கு 9 லட்சம் கிடைக்கும். மனைக்காரரின் சம்பளம் ஒரு ரூபாய் கூடவில்லை, ஆனால் அவர் வாங்கக்கூடிய கடன் 3 லட்சம் கூடிவிட்டது. அந்த 3 லட்சம் இன்னொரு மனைக்கு அட்வான்ஸாகப் போனால் அந்த மனையின் விலை ஏறும், விலை ஏறினால் அதன் பேரில் கிடைக்கும் கடனும் ஏறும், இப்படியே போகும். கிளையில் உட்கார்ந்திருக்கும் மேலாளருக்கு இதில் தவறு எதுவும் தெரியாது: தவணைகள் ஒழுங்காக வருகின்றன, வாராக்கடன் குறைவு, அடமானச் சொத்தின் மதிப்போ மாதத்துக்கு மாதம் கூடுகிறது. ஒவ்வொரு கடனையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரி, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் நாட்டின் வருமானம் தாங்காத கடன் சேர்ந்திருப்பது தெரியும். அமைதியான, நல்ல வருடங்களே அடுத்த நெருக்கடியை வளர்க்கின்றன என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஹைமன் மின்ஸ்கி பல காலம் வாதாடினார். அவர் உயிரோடு இருந்தவரை அதைக் கேட்டவர்கள் குறைவு. 2008-க்குப் பிறகுதான் எல்லோரும் அவரைத் தேடிப் படித்தார்கள்.

இறங்கும்போது இதே வளையம் திருப்பிப்போட்டுச் சுற்றும். விலை நிற்கிறது, புதிதாக வாங்க ஆள் இல்லை, விற்றுத்தான் கடனை அடைக்க வேண்டும் என்றிருந்தவர் விற்க முடியாமல் தவணை தவறுகிறார், வங்கி பயந்து எல்லோருக்கும் கடனைக் குறைக்கிறது, அதனால் விலை இன்னும் இறங்குகிறது. நகைக்கடனிலும் இப்படித்தான், பவுன் விலை ஏற ஏற அதே வளையலுக்குக் கூடுதல் கடன். நகையின் மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருப்பது இந்த வளையத்துக்குப் போடும் கடிவாளம்தான். பல காலம் 75 சதவீதமாக இருந்த அந்த வரம்பு, கொரோனா சமயத்தில், 2020 ஆகஸ்ட் முதல் 2021 மார்ச் வரை வங்கிகளுக்கு 90 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது.

செய்தித்தாளில் அடிக்கடி வரும் பொருளாதாரச் சுழற்சி, அதாவது பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கம் வேறு, நிதிச் சுழற்சி வேறு. முதலாவது உற்பத்தி, வேலை, விற்பனை சம்பந்தப்பட்டது. ஒரு சுற்று முடிய அதிகபட்சம் எட்டு வருடம் என்று வழக்கமாகக் கணக்கு வைப்பார்கள். நிதிச் சுழற்சி மெதுவாக நகரும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1930-ல் தொடங்கிய பன்னாட்டுத் தீர்வு வங்கி என்ற நிறுவனம் இருக்கிறது. உலகத்து மத்திய வங்கிகளுக்கெல்லாம் பொதுவான வங்கி அது. அங்கே வேலை பார்த்த ட்ரேமன், போரியோ, சாட்சரோனிஸ் என்ற மூவர் ஏழு வளர்ந்த நாடுகளின் தரவை எடுத்து 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள், அதில் நிதிச் சுழற்சியின் சராசரி நீளம் ஏறக்குறைய 16 வருடம் என்று வந்தது. சுழற்சியின் உச்சமும் வங்கி நெருக்கடியும் பெரும்பாலும் அருகருகே வந்து விழுந்திருப்பதும் அதில் தெரிந்தது.

இந்த நீள வித்தியாசம்தான் எனக்கு இந்தப் பாடத்திலேயே முக்கியமாகப் படுகிறது. 2001-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய மந்தநிலை வந்து போனது. வட்டியை நன்றாகக் குறைத்தார்கள், உற்பத்தி எழுந்து நின்றது, பிரச்சினை முடிந்தது என்றுதான் தோன்றியது. ஆனால் வீட்டுக் கடனும் வீட்டு விலையும் அந்த மந்தநிலையில் இறங்கவே இல்லை, குறைந்த வட்டியில் இன்னும் வேகமாக ஏறின. குறுகிய சுழற்சியை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் நலம், நீண்ட சுழற்சி மட்டும் இன்னும் பல வருடம் மேலே போய், கடைசியில் 2008-ல் நெருக்கடியாக உடைந்தது.

சரி, எதை அளப்பது? வழக்கமாக மூன்று. நாட்டில் நிலுவையில் உள்ள மொத்தக் கடன் எவ்வளவு வேகமாக வளர்கிறது, அந்தக் கடன் நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில், அதாவது ஜிடிபியில், எத்தனை சதவீதம், வீடு மனை விலை எப்படிப் போகிறது. பங்குச் சந்தையையும் சேர்ப்பவர்கள் உண்டு, ஆனால் அது மாதத்துக்கு மாதம் குதிக்கும், மெதுவாக நகரும் சுழற்சியைக் காட்டுவதற்கு அது அவ்வளவு உதவாது.

முதல் இரண்டும் வங்கிக் கணக்குகளிலிருந்து ஓரளவு சுத்தமாகக் கிடைத்துவிடும். மூன்றாவதில்தான் சிக்கல். நம் பக்கத்தில் மனையின் உண்மையான விலை யாருக்குத் தெரியும்? வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையில் நின்ற புரோக்கருக்கும் தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தில் ஏறும் தொகை பல நேரம் அரசு வைத்த வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும். 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றியது. பத்திரத் தொகையை மட்டும் வைத்து வரைபடம் போட்ட ஒருவருக்கு கடலூர் மஞ்சக்குப்பத்தில் நிலம் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு மலிந்துபோனது மாதிரித் தெரியும், கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லைக்குள் அப்படி எதுவும் நடக்காதது மாதிரியும் தெரியும். சந்தையில் எந்தப் பக்கமும் அப்படி ஒரு சரிவு நடக்கவில்லை. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்தியபோது இதே கோளாறு மேல்நோக்கி வந்திருக்கும். அதற்கு முன், 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது, இரண்டு மாதத்தில் பணமதிப்பு நீக்கமும் வந்தது. அந்தச் சமயத்துப் பதிவு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு நிதிச் சுழற்சி இறங்கிவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் நீதிமன்ற உத்தரவை அளந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு விலைக் குறியீடு ஒன்றை வெளியிடுகிறது. நீண்ட காலம் அது பத்து பெரிய நகரங்களை வைத்தே நடந்தது, சென்னை உண்டு, கொச்சி உண்டு, கடலூரும் புதுச்சேரியும் கிடையாது. நாடு முழுவதுக்குமான சுழற்சியைப் பார்க்க அது பரவாயில்லை. ஆனால் ஊருக்கு ஊர் ஏற்றமும் இறக்கமும் வேறு வேறு நேரத்தில் வரும் என்பதைப் படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, அளந்ததை வைத்து அதிகமா குறைவா என்று எப்படிச் சொல்வது. 100 ரூபாய் ஜிடிபிக்கு 55 ரூபாய் கடன் இருக்கிறது என்றால் அது நிறையவா? நாட்டைப் பொறுத்தது. வங்கிச் சேவை எல்லோருக்கும் போய்ச் சேரச் சேர அந்த விகிதம் தானாகவே உயரும், அது நல்ல உயர்வு. அதனால் விகிதத்தை அப்படியே பார்க்காமல், அதன் நீண்ட காலப் போக்கிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்கிறார்கள். பல வருடப் புள்ளிகளுக்கு ஊடாக வழவழப்பான ஒரு கோடு போட வேண்டும், அதற்கு ஹோட்ரிக், பிரெஸ்காட் என்ற இருவர் பெயரில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கோடு புள்ளிகளோடு சேர்ந்து வளைந்து போக வேண்டுமா, விறைப்பாக நிற்க வேண்டுமா என்பதை அதில் ஒரே ஒரு எண் முடிவு செய்யும். காலாண்டுத் தரவில் சாதாரணப் பொருளாதாரச் சுழற்சிக்கு அந்த எண் 1,600. நிதிச் சுழற்சி அதைவிட நான்கு மடங்கு நீளம் என்று எடுத்துக்கொண்டால் 4-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், 256 வரும், 1,600-ஐ 256-ஆல் பெருக்கினால் 4,09,600. அதைச் சுருக்கி 4,00,000 என்று வைத்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க வங்கிக் கொள்கையில் புழங்குகிற ஒரு பெரிய எண் இவ்வளவு எளிய பெருக்கலில் இருந்து வந்தது.

கோடு போட்டாயிற்று. இன்றைய விகிதம் 55, கோடு 49-ல் நிற்கிறது என்றால் இடைவெளி 6. 2010 டிசம்பரில் வெளியான, வங்கிகளுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பான மூன்றாம் பாசல் உடன்பாடு இதைத்தான் முதல் வழிகாட்டியாக எடுத்துக்கொண்டது. இடைவெளி 2-ஐத் தாண்டினால் வங்கிகள் கூடுதல் மூலதனம் சேர்க்கத் தொடங்க வேண்டும், 10-ஐத் தொடும்போது அது 2.5 சதவீதத்தில் நிற்கும், நடுவில் படிப்படியாக ஏறும். 6 என்பது 2-க்கும் 10-க்கும் நட்ட நடு, ஆகவே 1.25 சதவீதம். இதற்கு எதிர்ச்சுழற்சி மூலதன இருப்பு என்று பெயர். இந்தச் சதவீதம், ஆபத்து அதிகமான கடனைக் கூட்டியும் குறைவானதைக் குறைத்தும் எண்ணிய தொகையின் மேல்; கடனை இப்படிக் கூட்டிக் குறைக்கும் அளவுதான் ஆபத்து எடை. அப்படி எடை போட்ட கடன்கள் ஒரு வங்கியில் 1 லட்சம் கோடி இருந்தால் 1,250 கோடி ரூபாய் கூடுதலாக வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் குழம்புவார்கள். மூலதனம் என்றால் பெட்டியில் பூட்டி வைத்த பணம் என்று நினைக்கக் கூடாது. வங்கி கொடுத்திருக்கும் கடன்களுக்குப் பணம் முக்கியமாக இரண்டு இடத்திலிருந்து வருகிறது: நீங்களும் நானும் போட்ட டெபாசிட், வங்கியின் பங்குதாரர்கள் போட்டதும் லாபத்தில் விட்டு வைத்ததும். கடன் திரும்பி வராவிட்டால் முதலில் அழிவது இரண்டாவது பணம். அது தீர்ந்தால்தான் டெபாசிட்டுக்கு ஆபத்து. கூடுதல் மூலதனம் வை என்று சொல்வதற்கு, இந்தக் கடனில் உன் சொந்தப் பணத்தின் பங்கைக் கூட்டு என்று பொருள். அது கையில் இருக்கும் வங்கி, இறக்க காலத்தில் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டே கடன் கொடுக்க முடியும். இல்லாத வங்கி, ஒழுங்காகத் தவணை கட்டும் சிறுதொழில்காரருக்கும் கதவைச் சாத்தும். அந்தக் கதவைச் சாத்தவிடாமல் இருப்பதற்குத்தான் இத்தனை கணக்கும்.

இப்போது இந்த அளவுகோலின் பெரிய பலவீனத்துக்கு வருகிறேன். ஒரு புள்ளி உச்சமா என்று சொல்ல அதற்கு முன்னால் நடந்ததும் தெரிய வேண்டும், பின்னால் நடந்ததும் தெரிய வேண்டும். 2012-ஐப் பற்றி இன்று அழகாகச் சொல்லிவிடலாம். ஆனால் கொள்கை முடிவு எடுக்க வேண்டியது கடைசிப் புள்ளியில், அதற்குப் பின்னால் எதுவும் இல்லை, கோடு அங்கேதான் அதிகமாக ஆடும். இரண்டு வருடத் தரவு புதிதாக வந்து சேர்ந்தால், போன தடவை 5 என்று சொன்ன இடைவெளி 2 ஆகிவிடலாம். ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற பொருளியலாளர் 2018-ல் இந்த வடிகட்டியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்றே எழுதி, கடந்த காலப் புள்ளிகளை மட்டும் வைத்து இன்றைய மதிப்பைக் கணித்துப் பார்க்கும் வேறு வழியை முன்வைத்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நெருக்கடிகளை முன்கூட்டிக் காட்டியதில் பழைய இடைவெளி அப்படி ஒன்றும் மோசமில்லை என்று பாசல் பக்கம் பதில் சொல்கிறார்கள், இந்த விவாதம் இன்னும் நடக்கிறது.

இன்னொரு பொறி, வகுத்தல் சம்பந்தப்பட்டது. கடனை ஜிடிபியால் வகுக்கிறோம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊரடங்கில் இந்தியாவின் ஜிடிபி முந்தைய வருடத்தின் அதே மூன்று மாதத்தைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு சுருங்கியது. யாரும் ஓடி ஓடிக் கடன் வாங்கவில்லை, ஆனால் கீழே உள்ள எண் சிறுத்ததால் விகிதம் ஏறியது. இயந்திரத்தனமாகப் படித்தால் கடன் பெருக்கம், மூலதனத்தைக் கூட்டு என்று வரும், உண்மையில் தேவைப்பட்டது அதற்கு நேர் எதிர். ஒற்றை அளவை வைத்துக்கொண்டு முடிவெடுக்கவே கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

அதனால் கூடவே பார்க்கும் அளவுகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது தவணைச் சுமை: நாட்டின் மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் அசலும் வட்டியுமாகப் போகிறது. கடன் மலைபோல இருந்தாலும் வட்டி குறைவாக இருந்தால் வீடுகள் தாங்கும், கடன் கூடாமலே வட்டி ஏறினால் தாங்காது. இந்தத் தவணைச் சுமை நெருக்கடிக்கு ஓரிரு வருடம் முன்பு திடீரென்று உயரும், கடன் இடைவெளியோ பல வருடம் முன்னாலேயே எழ ஆரம்பிக்கும். ஒன்று தூரத்து எச்சரிக்கை, இன்னொன்று பக்கத்து எச்சரிக்கை, இரண்டும் வேண்டும்.

கணிப்பு என்றவுடன் எந்த மாதம் நெருக்கடி வரும் என்று சொல்வார்கள் என எதிர்பார்க்க வேண்டாம், அதை யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது வாய்ப்பு. கடந்த 40 அல்லது 50 வருடங்களில் பல நாடுகளில் நடந்த நெருக்கடிகளை எடுத்து, அவற்றுக்கு முன்னால் இந்த அளவுகள் எங்கே நின்றன என்று பார்த்து, ஓர் எல்லைக்கோடு வைக்கிறார்கள். எல்லையைத் தாழ்வாக வைத்தால் ஒரு நெருக்கடியும் தப்பாது, ஆனால் வீண் எச்சரிக்கைகள் குவியும். உயரமாக வைத்தால் வீண் எச்சரிக்கை குறையும், உண்மையான நெருக்கடி ஒன்றிரண்டு கண்ணில் படாமல் போகும். எந்தத் தவறுக்கு விலை அதிகம் என்பதைக் கணிதம் சொல்லாது, மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது சர்வதேச நாணய நிதியம் போன்றவை, அடுத்த ஒன்று முதல் மூன்று வருட வளர்ச்சிக்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்லாமல், மிக மோசமான 5 சதவீதச் சூழ்நிலையில் வளர்ச்சி எவ்வளவு கீழே போகக்கூடும் என்று கணிக்கின்றன. கடன் வேகமாகப் பெருகும் காலத்தில் சராசரிக் கணிப்பு நன்றாகவே இருக்கும், அந்த மோசமான ஓரம் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போகும். கொள்கை வகுப்பவர் கவலைப்பட வேண்டியது அந்த ஓரத்தைப் பற்றித்தான்.

எல்லா வங்கி வீழ்ச்சிக்கும் சுழற்சிதான் காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1906 அக்டோபரில் மதராஸில் அர்பத்நாட் நிறுவனம் திவாலாகி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போனது, அதற்கு லண்டன் கூட்டாளி செய்த ஊக முதலீடுகள் காரணம். அந்த அடியிலிருந்துதான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. கடன் இடைவெளியை எவ்வளவு நுட்பமாக அளந்திருந்தாலும் அந்தத் திவாலைப் பிடித்திருக்க முடியாது.

இந்தியா இதையெல்லாம் பாசல் சொல்வதற்கு முன்பே செய்து பார்த்த நாடு. 2004-லிருந்து வங்கிக் கடன் வருடத்துக்கு 30 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது. ஒய்.வி.ரெட்டி ஆளுநராக இருந்த ரிசர்வ் வங்கி 2004 டிசம்பரில் வீட்டுக் கடன், நுகர்வோர் கடன் இரண்டின் ஆபத்து எடையையும் உயர்த்தியது, அடுத்தடுத்த வருடங்களில் வணிகக் கட்டடக் கடன்களின் எடையை 150 சதவீதம் வரை கொண்டுபோனது. எடை கூடினால் அதே கடனுக்கு அதிக மூலதனம் வேண்டும், வேகம் குறையும். 2008 முடிவில் நெருக்கடி வந்தபோது அந்த எடைகளை இறக்கினார்கள். சொத்துக் கடனில் நாம் அமெரிக்கா மாதிரி விழாததற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆனால் அதற்குப் பிறகு சாலை, மின்சாரம், உருக்கு என்று பெரிய நிறுவனங்களுக்கு மலையளவு கடன் போனது. அதற்கு அப்படிப்பட்ட கடிவாளம் இல்லை. 2015-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளின் கணக்குகளைத் தோண்டிப் பார்த்த பிறகு உண்மை வெளியே வந்து, 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் வங்கிகள் கொடுத்த கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியது. பொதுத்துறை வங்கிகளுக்கு மூலதனம் ஏற்ற 2017 அக்டோபரில் அரசு அறிவித்த திட்டம் 2.11 லட்சம் கோடி. 2024 மார்ச்சில் வாராக்கடன் 2.8 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஏறியதிலிருந்து இறங்கியது வரை மொத்தம் எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள், நிதிச் சுழற்சி எவ்வளவு நீளம் என்பது புரியும்.

எதிர்ச்சுழற்சி மூலதன இருப்புக்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2015 பிப்ரவரியில் வெளியிட்டது. நம் எல்லைகள் பாசலைவிடத் தளர்வு: இடைவெளி 3-க்குக் கீழே எதுவும் வேண்டாம், 15-ல் முழு 2.5 சதவீதம். கடனுக்கும் டெபாசிட்டுக்கும் உள்ள விகிதம், நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் வட்டியை எத்தனை மடங்கு கட்ட முடியும் போன்ற துணை அளவுகளையும் பார்த்து முடிவெடுப்பார்கள், வழக்கமாக நான்கு காலாண்டு முன்னறிவிப்பு கொடுப்பார்கள். ஆனால் இந்த இருப்பை நாம் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. 2011-க்குப் பிறகு பல வருடம் கடன் வளர்ச்சி மந்தமாக இருந்ததால் இடைவெளி அந்த எல்லையைத் தொடவில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ரிசர்வ் வங்கிக்கு ஆபத்து எடை என்ற பழைய கருவிதான் கைக்கு வாகு. 2023 நவம்பர் 16 அன்று ஈடில்லாத தனிநபர் கடனுக்கு எடையை 100-லிருந்து 125 சதவீதமாகவும், வங்கிகளின் கிரெடிட் கார்டு கடனுக்கு 125-லிருந்து 150 ஆகவும் உயர்த்தினார்கள், மொத்தக் கடன் இடைவெளி அலறாதபோதே ஒரு மூலையில் வேகம் தெரிந்ததால் எடுத்த நடவடிக்கை அது. மூலை மூலையாகப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எந்த மூலையையும் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009-க்குப் பிறகான பெருநிறுவனக் கடன் சாட்சி.

சுவிட்சர்லாந்து 2013-லேயே வீட்டு அடமானக் கடனுக்கு மட்டும் இந்த இருப்பை 1 சதவீதத்தில் தொடங்கி அடுத்த வருடம் 2 ஆக்கியது. பிரிட்டன் சாதாரண காலத்திலேயே 2 சதவீதம் இருக்கட்டும் என்று 2019 டிசம்பரில் முடிவு செய்தது. அப்போது அங்கே நடப்பில் இருந்தது 1 சதவீதம், மூன்றே மாதத்தில் கொரோனா வந்து அதையும் 0 ஆக்கினார்கள், 2023 ஜூலையில் 2-க்குத் திரும்பியது. கொரோனாவைக் கடன் இடைவெளி காட்டியிருக்க முடியாது, ஆனால் அந்த 1 சதவீதம் கையில் இருந்ததால் விடுவிக்க ஏதோ ஒன்று இருந்தது. இந்தியாவும் இந்த வழிக்கு வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன், சாதாரண வருடத்தில் 1 சதவீதம், கடன் வேகம் பிடித்தால் மேலே, அடி விழுந்தால் 0. இதற்கு விலை உண்டு: வங்கியின் லாபம் கொஞ்சம் குறையும், கடன் வட்டி ஒரு துளி கூடலாம். ஆனால் கடைசிப் புள்ளியில் ஆடும் கோட்டை நம்பி, அது எல்லையைத் தாண்டட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

சொந்தமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி. ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட வாரியாக வங்கி டெபாசிட்டையும் கடனையும் இலவசமாக வெளியிடுகிறது, கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் தனித்தனி வரிசையில் இருக்கும். பத்து வருடத் தரவை எடுத்து, 100 ரூபாய் டெபாசிட்டுக்கு எத்தனை ரூபாய் கடன் என்று வகுத்து வரைந்து பாருங்கள். மாவட்ட ஜிடிபி காலாண்டுக்குக் காலாண்டு கிடைக்காது என்பதால் இது முழுமையான இடைவெளி ஆகாது. கோடு திடீரென்று செங்குத்தாக ஏறும் காலாண்டு தெரிந்தால், அந்தச் சமயத்தில் கடன் எதற்குப் போனது, விவசாயத்துக்கா, நகைக்கா, மனைக்கா என்று அடுத்துத் தேடுங்கள். நாடு முழுவதுக்குமான படத்துக்கு ஜூனிலும் டிசம்பரிலும் வரும் ரிசர்வ் வங்கியின் நிதி நிலைத்தன்மை அறிக்கையைப் பார்க்கலாம், முதலில் வாராக்கடன் பக்கத்தையும் வங்கிகளை மோசமான சூழ்நிலையில் வைத்துச் சோதித்த பக்கத்தையும் மட்டும் படித்தால் போதும்.